குழாய் வாயில் ஒரு குளியல்

"அண்ணே, குழாய்கிட்ட குளிக்கிற உங்க பொண்ணை மேல வரச் சொல்லுங்க!" கடற்கரைக்கு வந்த சுற்றுலாப் பயணி பதறினார். "ஊர்ச் சாக்கடைத் தண்ணி அந்தக் குழாய் வழியாத்தான் விழுது!"

"தெரியும் சார். நுண்ணிய சவ்வுல வடிகட்டி, கிருமியை ஒளியால கொன்னுதான் விடுறாங்க," என்றார் மீனவர்.

"அதை நம்பிப் பிள்ளையை இறக்கிவிடுவீங்களா?"

"நானும் முதல்ல நம்பலை. மீன் செத்துடும்னு, சுத்திகரிப்பு நிலையம் கட்டுறப்போ அதோட வாசல்ல படுத்து மறிச்சவனே நான்தான். அதைக் கட்டின இன்ஜினியரம்மா வாதாடவே இல்லை. திறந்த அன்னிக்கு ஊரே பார்க்க, தன் மகளோட இங்க இறங்கிக் குளிச்சாங்க. அதோட என் சந்தேகம் போச்சு."

"உடனே உங்க பொண்ணையும் இறக்கிட்டீங்களாக்கும்!"

மீனவர் சிரித்தார்.

"எனக்கேது சார் பொண்ணு? அது அந்தம்மா மகள். வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் என்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறாங்க."