பத்து நிமிடப் பரிசோதனை

மதலேனாவுக்கு அந்த வாரம் தலைகால் புரியவில்லை. ஞாயிறு பூசையில் முதல்முறையாகத் தனியாகப் பாடப்போகிறாள். அது போதாதென்று, அவள் நர்ஸாக இருந்த சிங்கப்பூர் ஆங் மோ கியோ வட்டாரக் கிளினிக்குக்குத் தொண்டைக் கிருமியைக் கண்டுபிடிக்கும் புதுப் பெட்டியும் வந்திறங்கியது. 1986இல் அது பெரிய அதிசயம். லேபுக்கு அனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்துக்கிடக்க வேண்டாம். கறுப்பு அட்டையில் வெள்ளை மருந்து ஒரு சொட்டு, தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்ததில் ஒரு சொட்டு. கிருமி இருந்தால் பத்தே நிமிடத்தில் மருந்து பால் திரிவதுபோல் திரிந்துவிடும்.

திங்களன்று பத்து நிமிடம் ஆனது. புதனன்று இரண்டே நிமிடம்.

வெள்ளியன்று அவள் வெள்ளை மருந்தை மட்டும்தான் விட்டாள். உடனே திரிந்தது. நோயாளி என்று ஒருவரும் இல்லை. அவள் விழித்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு டாக்சி ஓட்டுநர் தொண்டையைப் பிடித்தபடி உள்ளே வந்தார். சோதித்தால், கிருமி இருந்தது. அன்றைக்கு மட்டும் அப்படி மூன்று பேர்.

“டாக்டர், ஆள் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுது!”

“சூப்பர் ஃபாஸ்ட் லா,” என்று சிரித்தார் டாக்டர் நூருல் அமீன்.

சனி மதியம் டாக்டர் கிளம்பிய பிறகு, ஆசை தாங்காமல் இன்னொரு அட்டையை எடுத்தாள். சொட்டு விழுந்ததுமே திரிந்தது. மதலேனா ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்துவைத்தாள். அரைமணி நேரமாகியும் யாரும் வரவில்லை. சும்மா நிற்கும் நேரத்தில் நாளைய பாட்டை ஒருமுறை பாடிப் பார்க்கலாமென்று வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.