அவங்க கைக்கு எட்டும்

படுக்கையறையை ஒட்டிக் கட்டப்போகும் உடுப்பு அறையின் வரைபடத்தை எங்கள் பேசும் கணினி வீடு சுவரில் காட்டியது. பார்த்ததும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. புடவை தொங்கவிடும் கம்பி ஆறரை அடியில் இருந்தது. நான் நாலடி பத்தங்குலம்.

"அளவு தப்பு. ஸ்டூல் போட்டாத்தான் எனக்கு எட்டும்."

"அளவு சரிதான் மேடம்," என்றது வீடு. "இங்கே பேசுறதைக் கேட்டுத்தான் எல்லாத் தட்டும் போட்டேன். கம்பி அவங்க கைக்கு எட்டும்."

"எவங்க?"

"சார் போன்ல சொன்னார். அவங்க நல்ல உயரம், அவங்ககிட்ட பட்டு அதிகம், மடங்கக் கூடாதுன்னு."

"மரியாதையா என்னைத்தான் சொல்லியிருப்பார். உயரத்தை நீ தப்பாக் கேட்டிருப்ப."

"பதினோரு வருஷத்துல சார் உங்களை ஒரு தடவைகூட 'அவங்க'ன்னு சொன்னதில்லை மேடம். 'அவ'தான்."

சுவரில் என் துணிக்கு ஒரு தட்டாவது இருக்கிறதா என்று தேடினேன்.

"அப்போ என்னோடது எங்க?"

"'பொங்கலுக்கு முன்னாடி அவளை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிடுறேன்'னு சொன்னார். அதனால இடம் ஒதுக்கலை."

காபி டம்ளரோடு என் கணவர் குணசீலன் உள்ளே வந்தார். வரைபடத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"ஏய், எப்படி இருக்கு? பிடிச்சிருக்கா?"

"அவங்களுக்குப் பிடிக்கும்," என்றேன்.

டம்ளர் பாதி வழியில் நின்றது. எவங்க என்று அவர் கேட்கவே இல்லை.