பதினோராம் பக்கத்துத் திருத்தம்

அந்த அம்மாளின் விரல் அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் நின்றுவிட்டது.

அறிக்கையை எழுதியவள் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் இரண்டு எண்கள் இருந்தன. அச்சில் முப்பத்தெட்டு. அதன் குறுக்கே பேனாவால் ஒரே ஒரு கோடு. மேலே, கையெழுத்தில், நூற்றுப் பன்னிரண்டு. பக்கத்தில் அவளுடைய சின்னக் கையெழுத்தும் இன்றைய தேதியும்.

புது இயந்திரங்கள் வந்தால் இந்தப் பம்பு கம்பெனியில் எத்தனை பேருக்கு வேலை இருக்காது என்பதுதான் அந்த எண்.

முதலாளி ரங்கநாயகி அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கோட்டுக்கு அடியில் இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார். அது நன்றாகவே படிக்க வந்தது. வினையே அதுதான்.

காலையில் காரில் வரும்போது நடந்தது இது. அறிக்கையைப் புரட்டிய சபரிநாதன், அவளுடைய மேலதிகாரி, முப்பத்தெட்டில் முகம் சுளித்தார். வெறும் முப்பத்தெட்டு பேரைச் சொல்லவா நம்மைக் கூப்பிட்டார்கள் என்றார். நூற்றுப் பன்னிரண்டு என்று மாற்றச் சொன்னார். அது எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டாள். இந்த மாதிரிக் கம்பெனிகளில் அவ்வளவு இருக்கும் என்றார். மறுபடி அச்சடிக்க நேரமில்லை. ஐந்து பிரதிதானே, கையால் திருத்திவிடு என்றார்.

திருத்தினாள்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்து ஐந்து மாதம்; வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கு முன் எட்டு வருடம் ஆய்வகத்தில் பாக்டீரியாவோடு குடித்தனம். ஒவ்வொரு மார்ச்சிலும், வேலை நீடிக்குமா என்று கேட்டால், பார்க்கலாம் என்பார்கள். முப்பத்தைந்து வயதில் இன்னொரு ‘பார்க்கலாம்’ கேட்கத் தெம்பில்லாமல்தான் இங்கே வந்தாள். மறுபடி வேலை தேடி நிற்க அவளுக்குப் பயம். சாதாரணப் பயமில்லை.

கைக்கு இதெல்லாம் தெரியாது.

ஆய்வக நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. கிறுக்கி மறைக்கக் கூடாது. தாளைக் கிழிப்பது கிட்டத்தட்டக் கொலை. தப்பின் மேல் ஒற்றைக் கோடு போட வேண்டும். தப்பு என்ன என்பது பிறகு வருகிறவருக்கும் படிக்கத் தெரிய வேண்டும். மேலே சரியானது, பக்கத்தில் கையெழுத்து, தேதி.

எட்டு வருடம் பழகிய கை, காரின் குலுக்கலிலும் அதையே செய்து வைத்திருந்தது. ஐந்து பிரதியிலும்.

சபரிநாதன் இப்போதுதான் கவனித்தார். அச்சுப் பிழை மேடம் என்று சிரித்தார். அடுத்த பக்கத்தில் படம் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்றார்.

அம்மாள் பக்கத்தைத் திருப்பவில்லை. அவள் பக்கம் திரும்பினார்.

“கையெழுத்து உங்களதுதானுங்களா கண்ணு? அப்ப நீங்களே சொல்லுங்க. இதுல எது தப்பு?”

சபரிநாதன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்ல ஆள் தேவையில்லை.

அச்சுப் பிழை. இரண்டே வார்த்தை. சொல்லிவிட்டால் வேலை தங்கும். கூடுதலாக எழுபத்து நாலு பேர் காரணமே தெரியாமல் வீட்டுக்குப் போவார்கள்.

“மேல எழுதினதுதாங்க தப்பு,” என்றாள். “நான் ரெண்டு வாரம் நின்னு எண்ணினது முப்பத்தெட்டு. நாலு பேர் முன்னப்பின்ன இருக்கலாம்.”

சொன்னதும் உடம்பு லேசாயிற்று. வேலை போயிற்று என்றும் தோன்றியது. அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சேர்த்திருக்க வேண்டியதே இல்லை. ஆனால் முன்னே பின்னே சொல்லாத எண், அவளைப் பொறுத்தவரை பாதிப் பொய். அதைச் சரியாகச் சொன்னதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சபரிநாதன் தன் பிரதியை மூடிவைத்தார்.

அம்மாள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்த நாலு பேரு யாருங்க கண்ணு?”

இப்படி அவளை யாரும் கேட்டதில்லை. ஆய்வகத்தில் அந்த நாலு, வரைபடத்தில் ஒரு புள்ளிக்கு மேலும் கீழும் இழுத்த சின்னக் கோடு. அதற்குப் பெயர் கிடையாது.

இங்கே இருந்தது.

சோதனைப் பிரிவில் மருதாசலம். நாளில் பாதி நேரம் சும்மா நிற்பார். மீதி நேரம், ஓடுகிற பம்பின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளே பேரிங் சரியில்லை என்பார். பிரித்துப் பார்த்தால் சரியிருக்காது. பேக்கிங்கில் துளசிமணி. இன்னும் இரண்டு பேர். வேலை செய்கிறார்களா, நிற்கிறார்களா என்று இரண்டு வாரம் பார்த்தும் அவளால் முடிவு கட்ட முடியவில்லை. நேற்று மத்தியானம் துளசிமணி தன் தக்காளிச் சாதத்தில் பாதியை டப்பா மூடியில் வைத்து அவளிடம் நீட்டியிருந்தாள்.

அப்படியானால் அந்த முப்பத்தெட்டுக்கும் பெயர் இருந்தது.

அது இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

“வெறும் பேராச் சொல்ல மாட்டேங்க,” என்றாள். “வந்தீங்கன்னா காட்டறேன்.”

அம்மாள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

மேஜைக்கு அடியில் காலால் செருப்பைத் துழாவினார்.