துளி அழுக்கில்லாமல்

இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, அந்தப் பெண் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்திருந்தாள். கடிகாரக்காரரிடம் நீட்டுவதற்கு முன் உறையை லேசாகப் பிரித்து முகத்தை அருகே கொண்டுபோனாள். கண்ணை மூடினாள். உடனே உறையையும் இறுக்க மூடிவிட்டாள்.

பெற்ற பெண்ணுக்கே சகிக்கவில்லை என்று கடிகாரக்காரர் நினைத்துக்கொண்டார்.

அப்பா போய் மூன்று மாதம் ஆகிறதாம். லேத் பட்டறையில் முப்பது வருஷம் உழைத்தவராம். அண்ணன்கள் வீட்டை ஒழித்து, துணிமணி, மெத்தை, தலையணை என்று எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்களாம். இவளுக்கென்று மிஞ்சியது இந்தக் கடிகாரம்தானாம்.

"நின்னுபோச்சுண்ணா. ஓட வெச்சுக் குடுத்தா போதும். வேற எதையும் தொட வேண்டாம்."

அவள் படியிறங்கியதும் உறையைப் பிரித்தார். குப்பென்று அடித்த வாடையில் காலையில் சாப்பிட்டது தொண்டைவரை வந்துவிட்டது. மெஷின் எண்ணெய், மூக்குப்பொடி, முப்பது வருஷத்து வியர்வை. தோல் வார் ஊறிக் கறுத்துப்போய், தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி நகத்தால் சுரண்டி எடுக்கிற அளவுக்கு அழுக்கு. பின்மூடியைத் திறந்தால் அங்கேயும் பச்சை படிந்த கசடு. அந்த மனுஷன் குளிக்கவே மாட்டானா என்று செத்தவரை வாய்விட்டே திட்டினார்.

உள்ளே எண்ணெய் காய்ந்து இறுகியிருந்தது, அவ்வளவுதான் கோளாறு. பிரித்துக் கழுவி, புது எண்ணெய் விட்டுச் சாவி கொடுத்ததும் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் அந்தக் கண்றாவியை அப்படியே திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. நாலு பேர் பார்த்தால் நாறுவது தன் கடைப் பெயரல்லவா?

கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவி, அந்தப் பெண் எதையும் தொட வேண்டாம் என்றாளே என்று நினைவுபடுத்தினாள். கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லியிருப்பாள் என்று அவர் வாயை அடைத்துவிட்டார்.

வாரை இடுக்கியால் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினார். கூட்டை ஊறவைத்து, பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, பாலிஷ் போட்டு, புது வார் மாட்டினார். வாருக்குக் காசு கேட்பதில்லை என்றும் முடிவு செய்தார். அவ்வளவு தாராள மனசு அன்றைக்கு. அப்படியும் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

நாலு நாள் கழித்து வந்தவளிடம் மாப்பிள்ளை மாதிரி மின்னிய கடிகாரத்தைப் பெருமையாக நீட்டினார். அவள் முள் ஓடுகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள். திருப்பிப் பின்பக்கத்தையும் மோந்தாள்.

"பயப்படாம கட்டிக்கோம்மா. துளி நாத்தம் இருக்காது."

பழைய வார் எங்கே என்று கேட்டாள். அந்தக் கருமத்தை அன்றைக்கே குப்பை வண்டியில் ஏற்றிவிட்டதாக அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவள் கடிகாரத்தை மேஜைமேலேயே வைத்துவிட்டாள்.

"எங்கப்பா வாசனை அதுல மட்டும்தான் மிச்சம் இருந்துச்சுண்ணா."