முதல் வரிசையிலிருந்து

ஒரு ரத்த வங்கிக் கம்ப்யூட்டருக்குள்ளே குவெரி ஒன்று குடியிருந்ததாம். கேட்டதைத் தேடிக் கொண்டுவருவது அதன் வேலை. ஆனால் தன் நிழலையே நம்பாத பிறவி.

ஒருநாள் நர்ஸ் பதறிக்கொண்டு கேட்டார்: "ஆபரேஷனுக்கு ஆள் காத்திருக்கு. லேசில் கிடைக்காத பாம்பே வகை ரத்தம் இருக்கா?"

குவெரி கிளம்பியது. எந்த ரத்தம் எந்த வரிசையில் என்று குறித்துவைத்திருக்கும் இன்டெக்ஸ் வாசலிலேயே கூப்பிட்டது.

"அண்ணே, நாற்பதாயிரத்து ஏழாவது வரிசை. நேராப் போங்க."

குவெரிக்குச் சுருக்கென்றது. கேட்காமலே வந்து சொல்கிறானே, இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது!

"உன் வேலையைப் பாருடா தம்பி" என்று சொல்லிவிட்டு, முதல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக விசாரித்தது.

"என்கிட்ட இல்லைங்க" என்றது ஒரு வரிசை.

"ஏன் முழிக்கிறே? கையை விரி!"

கடைசியில் நாற்பதாயிரத்து ஏழாவது வரிசையில்தான் அந்த ரத்தம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தால் நர்ஸைக் காணோம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊர் ரத்த வங்கிக்கு வண்டி அனுப்பப் போய்விட்டாராம்.

குவெரி நேராகப் போய் இன்டெக்ஸின் சட்டையைப் பிடித்தது.

"இவ்வளவு கரெக்டாச் சொன்னியே, அங்கே கொண்டுபோய் ஒளிச்சு வெச்சதே நீதானே?"