அழிக்காத படம்

“ஏம்மா, இந்தப் போட்டோல நீ இன்னா இன்னா மாத்துன? மறைக்காம சொல்லு.”

வந்ததும் வராததுமாக அந்த அம்மாள் போட்டோவை மேசைமேல் போட்டார். ஷோபனாவுக்குப் பகீரென்றது. படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவள் சிங்கவரம் மகாலட்சுமி. வரன் பார்க்கக் கொடுப்பதற்காகப் போன மாதம் கோட்டையில் கல்யாண மகால் படிக்கட்டில் உட்காரவைத்து ஷோபனாவே எடுத்த படம். பின்பக்கம் அவள் ஸ்டுடியோ முத்திரை வேறு இருந்தது.

“நீங்க யாரும்மா?”

“சீயமங்கலம் ராஜம்மாள். மாப்பிள்ளையோட அம்மா. இவ எம் பொண்ணு மோனிகா.” கூட வந்திருந்த பெண்ணுக்குப் பதினாலு வயது இருக்கும். வாயே திறக்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். “ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறோம். அதுக்குள்ள ஊர்ல ஒருத்தி சொல்றா, பொண்ணு கன்னத்துல தீப்பட்ட தழும்பு இருக்குதாம், போட்டோல மறைச்சிட்டாங்களாம். நெசமா?”

எந்த மகராசி போட்டுக் கொடுத்தாளோ, அவள் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க! ஷோபனா மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப் போயிருந்தது. அதனால்தான் மகாலட்சுமியின் அம்மா மீனம்பாள் இதே மேசைக்கு முன்னால் நின்று கெஞ்சினார். “போட்டோல மட்டும் எடுத்துடு கண்ணு. நேர்ல வந்து பேசுனா அவங்களுக்கே பொண்ணப் புடிச்சிடும். அந்தப் பழைய படத்த அழிச்சிடு.”

தழும்பு போயிற்று. புருவத்தோரத்து மச்சம் போயிற்று. நிறமும் இரண்டு படி ஏறியது. மீனம்பாள் செருப்பு மாட்ட வெளியே போன நேரம் பார்த்து மகாலட்சுமி மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, பழசை அழிச்சிடாதீங்க. அதுதான் நானு.”

ஷோபனா அழிக்கவில்லை. ஆனால் இப்போது என்ன செய்வது? ஒரு பொய் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது இந்தச் சம்பந்தம் நிற்கும். உண்மையைச் சொன்னால் மூன்றாவது வரனும் இந்த நிமிடமே கைவிட்டுப் போய்விடும்.

“கலர் மட்டும் லேசா...” என்று இழுத்தாள்.

ராஜம்மாள் மோனிகாவை எழுப்பி முன்னால் நிறுத்தினார். “எம் பொண்ணு தலைல கைய வெச்சி சொல்லு, கலர் மட்டுந்தான்னு.”

ஷோபனாவின் கை பாதி தூரம் போய்த் திரும்பி வந்துவிட்டது. வயிற்றில் பிள்ளை சுமந்தவள் யார்தான் இன்னொருத்தி பிள்ளை தலையில் கை வைத்துப் பொய் சொல்வாள்?

“மாத்தினேம்மா. தப்புதான். திட்டறதா இருந்தா என்னத் திட்டுங்க. அந்தப் பொண்ணு மறைக்கச் சொல்லல.”

“பழைய படம் இருக்குதா, அழிச்சிட்டியா?” ராஜம்மாள் குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்றுதான் ஷோபனா நினைத்தாள்.

“நாங்க எதையும் அழிக்கறதில்லம்மா. கேமரா புடிச்ச பச்சைப் படம், ரா ஃபைலுனு சொல்வோம், அது அப்படியே இருக்கும். அது மேல நாங்க கையே வெக்க மாட்டோம். இதக் கொறை, அத மறைன்னு தனியா குறிப்பு மட்டும் ஏத்தி வெப்போம். மொகத்துல பவுடரு போட்டாப்ல. தொடைச்சா அடியில மொகம் அப்படியே இருக்கும்.”

“அப்போ தொடை.”

கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள் ஷோபனா. முதலில், நிறத்தை ஏற்றிய குறிப்பை நிறுத்தினாள். மகாலட்சுமி தன்னுடைய மாநிறத்துக்குத் திரும்பினாள். அடுத்ததை நிறுத்தியதும் புருவத்தோரத்தில் மச்சம் வந்து உட்கார்ந்தது. மோனிகா ஒரு அடி முன்னால் வந்தாள்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. ‘என்ன மன்னிச்சிடு மகாலட்சுமி’ என்று முணுமுணுத்துக்கொண்டே அதையும் அழுத்தினாள். காதோரத்திலிருந்து தாடை வரைக்கும் இடது கன்னத்தில் அந்தத் தழும்பு தெரிந்தது.

வாசலில் திருவண்ணாமலை பஸ் ஒன்று காதைப் பிளக்கிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“இவ்ளோதாம்மா. இதுக்காகப் பொண்ண வேணான்னு சொல்லிடாதீங்க. தங்கமான பொண்ணும்மா அது...”

ராஜம்மாள் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. மகளின் தோளைப் பிடித்துத் திரைக்கு அருகில் கொண்டுபோனார்.

“நல்லா பாத்துச் சொல்லுடி.”

மோனிகா பார்த்தாள். மச்சத்தைப் பார்த்தாள், தழும்பைப் பார்த்தாள்.

“இந்த அக்காதாம்மா!” என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள்.

ராஜம்மாள் திரையைக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்படியே ஷோபனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“அழிக்காம வெச்சிருந்தியே, நீ நல்லா இருக்கணும் தாயி! நாலு வருசத்துக்கு முன்ன மேல்மலையனூர் அமாவாசக் கூட்டத்துல, கற்பூரம் வுழுந்து இவ கவுனு பத்திக்கிச்சி. எவளோ ஒரு பொண்ணு பாஞ்சி வந்து இவளக் கட்டிப் புடிச்சி நெருப்ப அணைச்சா. அதுல அவ கன்னம் வெந்துபோச்சி. பேரு கேக்கறதுக்குள்ள அவள ஆம்புலன்சுல தூக்கினு போயிட்டாங்க. இந்தத் தழும்பு மலையனூர் நெருப்புல வந்துதுன்னு ஊர்ல அந்தப் பொம்பள சொன்னதுலேர்ந்து எனக்கு நெஞ்சு அடிச்சிக்குது. ஒவ்வொரு அமாவாசைக்கும் கூட்டத்துல பூந்து பூந்து, இந்தக் கன்னத்தத்தாம்மா நான் தேடினு இருந்தேன்!”