ஒரு துண்டு கருப்பட்டி

ஆனி மாசம். குத்தாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் அடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குளிரில் ஒரு மனுசனுக்கு வேர்த்துக் கொட்டினால் என்ன நினைப்பீர்கள்? பயம் என்றுதானே? நானும் அப்படித்தான் நினைத்துத் தொலைத்தேன்.

அப்போது யுத்த காலம். தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். இலஞ்சியிலிருந்து குழல்வாய்மொழியை வில்வண்டியில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார்கள். விடியக்காலையில் பிள்ளை பெற்றவளுக்கு உதிரம் நிற்கவில்லை. புருசன் பட்டாளத்தில். வீட்டில் அன்றைக்கு யாரும் அடுப்பே மூட்டவில்லையாம்.

கூட வந்த அண்ணன் தாணுவின் ரத்தம்தான் அவளுக்குச் சேர்ந்தது.

"நீரிழிவு ஏதும் உண்டா? இருந்தா எடுக்க மாட்டேன். உமக்கு ஆபத்து," என்றார் டாக்டர்.

"ஒண்ணும் கிடையாதுய்யா. சீக்கிரம் எடுங்க."

டாக்டர் உள்ளே ஊசியையும் குழாயையும் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். இங்கே தாணுவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

குழல்வாய்மொழியின் மாமியார் பேராச்சி அதைப் பார்த்துவிட்டாள்.

"கூடப்பொறந்தவ சாகக் கெடக்கா. இவருக்கு ஒரு ஊசிக்கு இந்த நடுக்கம் நடுங்குதே!"

தாணு திரும்பி உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்தார். எனக்கு வந்ததே கோபம்!

"ஏன் அண்ணாச்சி, இது தின்னுத நேரமா? ரத்தம் குடுக்குமுன்ன வாயில ஒண்ணும் போடக்கூடாது!" வெடுக்கென்று பிடுங்கினேன்.

"ஒரு கடி மட்டும் தம்பி..."

"எதுக்கு? சொல்லும்."

வாயைத் திறந்தார். உள்ளே நின்ற டாக்டரைப் பார்த்தார்.

"சும்மாதான். குடுத்த பொறகே தின்னுக்கிடுதேன்."

பாட்டில் நிறைந்தது. அவள் உடம்பில் ஏறியது. "பொழைச்சிக்கிட்டா," என்றார் டாக்டர்.

திரும்பிப் பார்த்தால் தாணு பல் கிட்டிக் கிடக்கிறார். வெறும் மயக்கம் என்று தண்ணீர் தெளித்தேன். டாக்டர் ஓடிவந்து என்னென்னவோ செய்தார். தாணு எழுந்திருக்கவே இல்லை.

குழல்வாய்மொழி கண் திறந்ததும், "அண்ணன் எங்க?" என்றாள். பாவி நான், அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தாணுவின் மடியை அவிழ்த்தோம். சின்னதாக ஓர் இன்சுலின் புட்டி. அதைச் சுற்றிப் பாளையங்கோட்டை வைத்தியர் ஒருவர் எழுதிய சீட்டு. டாக்டர் வாசித்தார்.

'நீரிழிவு நோயாளி. காலை ஊசி போட்டதும் சாப்பிட வேண்டும். வேர்வை, நடுக்கம் கண்டால் உடனே இனிப்பு கொடுக்கவும். தவறினால் உயிருக்கு ஆபத்து.'

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "தங்கச்சிக்காக மறைச்சிட்டாரே! ஒரு துண்டு கருப்பட்டியாவது மடியில வச்சிருக்கக் கூடாதா இந்த மனுசன்?"

அது என் சட்டைப்பையில் இருந்தது.